பதினான்காம் நம்பர் வீட்டுக்கு ஒரு சட்டம்

அறுபத்துமூன்றாவது கையெழுத்து விழுந்ததும் டெய்லரக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. தெருவில் மொத்தம் எழுபது வீடு. அதில் நாலு பூட்டிக்கிடக்கிறது. மிச்சம் இருப்பதில் மூன்றே மூன்று வீடுதான் கையெழுத்துப் போடவில்லை. இருபது வருஷமாக மற்றவர்களின் இடுப்பையும் தோளையும் அளந்து கொடுத்துவிட்டு, "போயிட்டு வாங்க" என்பதைத் தவிர ஊர் விஷயம் எதிலும் வாய் திறக்காதவள், ஒரே வாரத்தில் தெருவையே திரட்டிவிட்டாள். வீட்டுக்குள் நுழையும்போதே மனுவைக் கொடி மாதிரி ஆட்டிக்கொண்டு வந்தாள்.

"பாத்தீங்களா? அறுபத்துமூணு!"

அவள் கணவன் டிரைவிங் ஸ்கூலில் மாஸ்டர். கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து, வீட்டில் யாராவது வேகமாக வந்தால்கூட வலது காலால் தரையை அழுத்திப் பிரேக் போடுவது அவனுக்குப் பழக்கமாகிவிட்டது. அப்போதும் போட்டான்.

"மெதுவா, மெதுவா. அடுத்து என்ன, தேர்தல்ல நிக்கப் போறியா?"

"நின்னா என்ன, ஜெயிக்க மாட்டேனா?"

விஷயம் எதிர்வீட்டைப் பற்றியது. பதினான்காம் நம்பர். குடியிலிருந்தும் மாத்திரைப் பழக்கத்திலிருந்தும் சிகிச்சை எடுத்து வெளியே வந்த பெண்கள், சொந்த வீட்டுக்குத் திரும்புவதற்கு முன்னால் சில மாதம் தங்கிக் காலூன்றிக்கொள்ளும் வீடு. ஒன்றரை வருஷத்துக்கு முன் திறந்தார்கள். முதலில் ஐந்தாறு பேர் இருந்தார்கள்; யாருக்கும் தொந்தரவு இல்லை. பிறகு வாரத்துக்கு ஒரு கட்டில் இறங்க ஆரம்பித்தது. குப்பைத்தொட்டி நிரம்பி வழிந்தது. ஒரே மாதத்தில் இரண்டு தடவை ஆம்புலன்ஸ் வந்தது. போன மாதம் ஒரு பெண் கைப்பையோடு வந்து டெய்லரக்கா கடைப் படியில் உட்கார்ந்தவள், அங்கேயே சுருண்டு விழுந்தாள். கடையில் துணி கொடுக்க வந்திருந்த இரண்டு பேர் அலறிக்கொண்டு ஓடினார்கள். அன்றைக்குத்தான் டெய்லரக்கா, "இதுக்கு ஒரு முடிவு கட்டாம விடமாட்டேன்" என்று கிளம்பினாள்.

அவளுக்குத் தோள் கொடுத்தவர் தெரு முனை மருந்துக்கடைக்காரர். குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளரும் அவர்தான். டாக்டர் சீட்டு இல்லாமல் மாத்திரை கேட்டு அந்த வீட்டிலிருந்து இரண்டு பேர் தன் கடைக்கு வந்து அழுததை அவர் மறக்கவில்லை. மனுவின் வாசகம் அவருடையது: 'குடியிருப்புப் பகுதிகளில் இத்தகைய இல்லங்கள் எதுவுமே இயங்கக் கூடாது.' நடையாய் நடந்த கால் மட்டும் டெய்லரக்காவுடையது. அடுத்த வியாழக்கிழமை காலை நகரமன்றக் கூட்டத்தில் இது விவாதத்துக்கு வருகிறது. பேசப்போகிறவளும் அவள்தான்.

இப்படி அவள் உச்சி குளிர்ந்திருந்த நேரத்தில், திங்கட்கிழமை காலை கடைப் பலகையிலிருந்த எண்ணைப் பார்த்து ஒருவர் போன் செய்தார்.

"டெய்லர் கடைதானே? ஜன்னலுக்குத் திரை தைப்பீங்களா?"

"தைப்போமே. எந்த வீடு?"

"உங்க எதிர்லதாம்மா. பதினாலாம் நம்பர். நான் ஓனர் பேசறேன். தெருவுல சில பேரு கண்ணு எந்நேரமும் நம்ம ஜன்னல்லதான் இருக்கு. நல்லா கனமான துணியா போட்டுடுங்க. நான் இன்னிக்கு வர முடியாது, உள்ள சொல்லிடறேன். போய் அளவெடுத்துக்குங்க."

போனை வைத்துவிட்டு டெய்லரக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எந்தக் கண்ணுக்கு மறைக்கத் திரையோ, அந்தக் கண்ணையே வீட்டுக்குள் கூப்பிடுகிறார் மனிதர். கணவனுக்குப் போன் போட்டாள்.

"வேணாம்மா, வம்பு," என்றான் அவன். அந்தப் பக்கம் யாரோ கிளட்சை விட்டு வண்டி குலுங்குகிற சத்தம் கேட்டது.

"கூப்பிட்டுத்தானே போறேன்? சுவரேறியா குதிக்கிறேன்?"

டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, நோட்டையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தாள். இருபதடி தூரம்தான். ஒன்றரை வருஷத்தில் ஒரு தடவைகூட அந்தக் கேட்டைத் தொட்டதில்லை என்பது கேட்டில் கை வைத்தபோதுதான் அவளுக்கு உறைத்தது.

கதவைத் திறந்தவளுக்கு நாற்பது வயதிருக்கும். ஒடிசலான உடம்பு; கூந்தலை இறுக்கிக் கொண்டை போட்டிருந்தாள். "திரைக்கா? வாங்க," என்றாள். உள்ளே மற்றவர்கள் அவளை "நர்ஸ்" என்று கூப்பிட்டார்கள்.

ஹாலில் காலடி எடுத்து வைத்த டெய்லரக்கா அப்படியே நின்றுவிட்டாள். கட்டில், கட்டில், கட்டில். ஆறு கட்டில்கள். நடுவில் போக வேண்டுமென்றால் பக்கவாட்டில் திரும்பி, வயிற்றை எக்கிக்கொண்டுதான் போக வேண்டும். கட்டிலுக்கடியில் பெட்டிகள், பெட்டிமேல் செருப்புகள். ஒரு மூலையில் இரண்டு பெண்கள் ஒரே கட்டிலில் எதிரெதிராக உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள்; நறுக்குவதற்கு வேறு இடம் இல்லை. அவர்கள் நிமிர்ந்து பார்த்து, "வாங்கக்கா, இடிச்சுக்காம வாங்க," என்று சிரித்தார்கள். டெய்லரக்கா அவர்களிடம் சிரிப்பை எதிர்பார்க்கவில்லை.

முதல் ஜன்னலை அளந்தாள். நாலடிக்கு மூன்றடி. கம்பி அசையாத கம்பி, திறக்க வழியில்லை. குனிந்து நிமிரும்போது கை தானாக டேப்பை இரண்டு கட்டில்களுக்கு நடுவில் நீட்டியது. பதினோரு அங்குலம். எழுதிக்கொண்டாள். நர்ஸ் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அடுத்த அறையில் நாலு கட்டில். அதற்கடுத்ததில் நாலு. கடைசி அறையில் மூன்று. அதில் ஒன்று கதவு முழுசாகத் திறக்காதபடி இடித்துக்கொண்டு கிடந்தது. மொத்தம் பதினேழு. குளியலறை இரண்டு, ஒன்றில் குழாய் உடைந்து மாதக்கணக்காகிறது என்று வாளியைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். டெய்லரக்காவின் பென்சில் பறந்தது. நெஞ்சு படபடவென்று அடித்தது. திருடன் வீட்டில் திருடப் போனவள்போல ஒரு பயம், கூடவே ஒரு குஷி. வியாழக்கிழமை இதையெல்லாம் எடுத்து விட்டால் ஓனர் முகம் எப்படிப் போகும்!

"அக்கா," என்றாள் நர்ஸ் தாழ்ந்த குரலில். "ஜன்னல் ஆறுதான். நீங்க பக்கம் பக்கமா எழுதறீங்க."

டெய்லரக்காவுக்கு முகம் சிவந்தது.

"மனு எடுத்துட்டு வீடு வீடா போனது நீங்கதான்னு எங்களுக்குத் தெரியும். நேரா எதிர்ல இருக்கோம், கண்ணு இல்லையா எங்களுக்கு?" நர்ஸின் குரலில் கோபம் இல்லை. "எழுதறதுதான் எழுதறீங்க, பின் கதவையும் எழுதிக்குங்க. வாங்க."

சமையலறைக்குப் பின்னால் ஒரு நடை. நடை முடிவில் ஒரு இரும்பு அலமாரி. நர்ஸ் அதன் பக்கவாட்டில் கையை விட்டுக் காட்டினாள். அலமாரிக்குப் பின்னால் கதவு, கதவில் பூட்டு.

"சாவி?"

"ஓனர்கிட்ட. ராத்திரி யாரும் வெளிய போயிடக் கூடாதாம். அடுப்புல தீப்பிடிச்சா பதினேழு பேரும் முன் கதவு ஒண்ணுலதான் வரணும். அந்தக் கட்டிலுக்கு நடுவுல."

டெய்லரக்கா அளந்தாள். அலமாரி, கதவு, நடை. நம்ப முடியாமல் இன்னொரு தடவையும் அளந்தாள்.

"ஏன் யாருகிட்டயும் சொல்லல நீங்க?"

"யார்கிட்ட? இந்த மாதிரி வீட்டுக்கு உரிமம் இல்லை, விதி இல்லை. எத்தனை பேர் தங்கலாம், யார் பொறுப்பு, எதுவும் எங்கேயும் எழுதி வைக்கல. ரெண்டு தடவை போன் பண்ணினேன். 'இது எங்க துறை இல்லை'ன்னு ரெண்டு பேரும் சொன்னாங்க. அதுக்கு மேல பேசினா, பையைத் தூக்கி வெளிய வெச்சிடுவாரு." நர்ஸ் அலமாரியில் சாய்ந்துகொண்டாள். "யாராவது ஒருநாள் தவறி மறுபடி குடியையோ மாத்திரையையோ தொட்டுட்டா இங்க அதுதான் வழக்கம். டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறது கிடையாது. பை வெளியில, கதவு சாத்தியாச்சு. உங்க படியில விழுந்தாளே, அவளை அப்படித்தான் காலையில வெளிய விட்டாரு. போறதுக்கு இடம் இல்லாம உங்க கடைப் படியில உக்காந்தா."

டெய்லரக்காவுக்கு அன்றைய காட்சி கண்முன் வந்தது. ஆம்புலன்ஸ் போனதும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் படியைக் கழுவினாள். அந்தப் பெண் என்னவானாள் என்று யாரையும் கேட்கவில்லை.

"இப்ப எப்படி இருக்கா?"

"உயிரோட இருக்கா. ஆஸ்பத்திரியில. நல்லா ஆகிட்டு வர்றா." நர்ஸ் முதல் தடவையாக அவளை நேராகப் பார்த்தாள். "இந்த வீடு இல்லேன்னா நான் இல்லக்கா. முதுகு வலிக்குன்னு ஆரம்பிச்ச மாத்திரை. அப்புறம் வார்டு அலமாரியிலேயே கை வெச்சேன். வேலை போச்சு, மானம் போச்சு. இங்க வந்து பதினோரு மாசமா ஒண்ணுகூடத் தொடல. கூட இருக்கிறவளுகளாலதான். உங்க மனு ஜெயிச்சா இந்த வீடு போகும். வீடு வேணும், ஆனா இந்த மாதிரி வேணாம். அவ்வளவுதான் கேக்கறோம்."

டெய்லரக்கா வீட்டுக்கு வந்ததும் உட்கார முடியவில்லை. பாட்டர்ன் வெட்டுகிற பழுப்புத்தாளைத் தரையில் விரித்து, முட்டி போட்டு, பதினான்காம் நம்பர் வீட்டை வரைய ஆரம்பித்தாள். ஒரு அடிக்கு ஒரு அங்குலம். கட்டில்களைச் சாக்பீஸால் போட்டாள். கணவன் வந்து பார்த்தபோது தாள் கூடத்தை நிறைத்திருந்தது. அவன் வாசற்படியிலேயே பிரேக் போட்டு நின்றான்.

"இது யாருக்குத் தைக்கிற சட்டை?"

அவள் மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். கேட்டு முடித்ததும் அவன் தாளை ஒட்டிக் குனிந்து, அலமாரி வரைந்திருந்த இடத்தையே பார்த்தான்.

"எமர்ஜென்சி கேட்டைப் பூட்டி வெச்ச பஸ் மாதிரி இருக்கு," என்றான். "சரி, இப்ப என்ன பண்ணப் போற?"

"மனுவை மாத்தப் போறேன்."

"மீட்டிங்குக்கு மூணு நாள்தான் இருக்கு!"

"ரெண்டு நாள்ல மாத்திடுவேன்."

முதலில் மருந்துக்கடைக்குப் போனாள். மருந்துக்கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகம் இறுகியது.

"டெய்லரம்மா, நீங்க சொல்றதைத்தானே நானும் சொல்றேன்? அந்த வீடு மோசம். அதனாலதான் மூடணும்."

"வீடு மோசமில்ல சார், நடத்தறவர் மோசம். நாம மூடினா அவரு அடுத்த தெருவுல திறப்பாரு. பதினேழு கட்டிலுக்குப் பதிலா இருபத்தேழு போடுவாரு. விதி போட்டா எங்க போனாலும் மாட்டுவாரு."

"என் கடையில வந்து நின்னு அழுதாங்களே, அதுக்கு என்ன விதி?"

"அதுக்குத்தான் சார். பொறுப்பான ஆள் ஒருத்தர் அந்த வீட்டுல எப்பவும் இருக்கணும்னு விதி இருந்தா, ஏன் உங்க கடைக்கு வர்றாங்க?"

"அறுபத்துமூணு பேர் என் வாசகத்துக்குத்தான் கையெழுத்துப் போட்டிருக்காங்க. நான் அதைத்தான் கொண்டு போவேன்," என்று அவர் கண்ணாடியை இறக்கிக்கொண்டார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

டெய்லரக்கா கடையை விட்டு வெளியே வந்தபோது கண்ணில் நீர் முட்டியது. ஒரு நிமிஷம்தான். அடுத்த நிமிஷம் நேராகப் பதினான்காம் நம்பர் கேட்டைத் திறந்துகொண்டு போய், "நர்ஸ், செருப்பைப் போட்டுட்டு வா," என்றாள்.

செவ்வாயும் புதனும் இரண்டு பேரும் சேர்ந்து தெருவை ஒரு வழி பண்ணினார்கள். புது மனுவில் ஆறே ஆறு வரி. இந்த மாதிரி வீட்டுக்கு உரிமம் வேண்டும். இடத்துக்குத் தக்க ஆள்தான் தங்க வேண்டும். திறக்கிற பின் கதவு வேண்டும். பயிற்சி பெற்ற ஒருவர் இருபத்துநாலு மணி நேரமும் இருக்க வேண்டும். தவறியவரைத் தெருவில் விடக் கூடாது; வேறு இடம் பார்த்துக் கொடுத்த பிறகே அனுப்ப வேண்டும். தெருக்காரர் குறை சொல்ல ஒரு போன் நம்பர் வேண்டும், அதை எடுக்க ஆளும் வேண்டும்.

முதல் வீட்டில் நர்ஸைப் பார்த்ததும் கதவு பாதியில் நின்றது. "இவங்க...?"

"எதிர்வீட்டு நர்ஸ். விஷயத்தை அவங்களே சொல்வாங்க, கேளுங்க," என்றாள் டெய்லரக்கா.

இரண்டாவது வீட்டுக்காரி மூஞ்சியில் அடித்தாற்போல் கதவைச் சாத்தினாள். மூன்றாவது வீட்டில் ஒரு பெரியவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நர்ஸ்னு சொன்னீங்களே, இந்த பிரஷர் மிஷின் சரியா காட்டுதான்னு கொஞ்சம் பாக்கறீங்களா?" என்று கையை நீட்டினார். நர்ஸ் பட்டையைச் சுற்றி அமுக்கிப் பார்த்து, "மிஷின் சரியாத்தான் இருக்கு. நீங்கதான் சரியில்ல. உப்பைக் குறைங்க," என்றாள். வீடே சிரித்தது. பெரியவர் முதல் கையெழுத்தைப் போட்டார். விஷயம் எப்படியோ பரவி, அடுத்த நாலு வீட்டில் மிஷினை எடுத்து வைத்துக்கொண்டே காத்திருந்தார்கள். டெய்லரக்காவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

புதன் மாலைக்குள் நாற்பத்தொரு கையெழுத்து. இருபத்திரண்டு பேர் வரவில்லை. அதில் நாலு பேர் டெய்லரக்காவிடம் தைக்கக் கொடுத்திருந்த துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அது சுருக்கென்று தைத்தது. ஆனாலும் மனசு இறங்க மறுத்தது.

வியாழக்கிழமை பத்து மணிக்கு நகரமன்ற அரங்கில் உட்கார இடமில்லை. மேடையில் பதினோரு உறுப்பினர்கள், நடுவில் தலைவி. முன்வரிசையில் வெள்ளைச் சட்டை கசங்காமல் ஓனர், பக்கத்தில் வக்கீல். மருந்துக்கடைக்காரர் மனுவோடு ஓரத்தில். பின்வரிசை முழுக்கப் பதினான்காம் நம்பர் பெண்கள்.

முதலில் மருந்துக்கடைக்காரர் பேசினார். நன்றாகவே பேசினார். பயத்தோடு வாழ்வதை, ஆம்புலன்ஸை, கடையில் நின்று அழுத பெண்களை அவர் சொன்னபோது பொய்யாக ஒரு வார்த்தை இல்லை. அரங்கில் தலைகள் ஆடின. டெய்லரக்கா பயத்தோடு கையிலிருந்த ஆறு வரியை இன்னொரு தடவை படித்துப் பார்த்தாள். பெயருக்குப் பதில், "அடுத்து, டெய்லர் கடை அம்மா," என்று கூப்பிட்டார்கள். அப்படித்தான் எழுதிக் கொடுத்திருந்தாள்.

"மூன்று நிமிடம்," என்றார் தலைவி.

மைக் அவள் உயரத்துக்கு மேலே நின்றது. அதை இழுத்ததில் கீச்சென்று கத்தி எல்லாரையும் காதைப் பொத்த வைத்தது. அந்தச் சத்தத்தில் அவள் பயம் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

"நான் பேச்சுக்காரி இல்லீங்க. ஒண்ணு காட்டறேன்," என்று சொல்லிவிட்டு, கணவனும் நர்ஸும் ஆளுக்கொரு முனை பிடிக்கப் பழுப்புத்தாளை விரித்தாள். "இது பதினாலாம் நம்பர் வீடு. ஹால்ல ஆறு கட்டில். ரெண்டு கட்டிலுக்கு நடுவுல பதினோரு அங்குலம். இந்த மைக் கம்பிக்கும் எனக்கும் நடுவுல இருக்கற இடம்."

ஓனர் பாதி எழுந்தார். "ஏம்மா! நீங்க அந்தத் திரைக்கு வந்த...!"

"ஆமாங்க. திரை அளவும் எடுத்திருக்கேன். நாலடிக்கு மூணடி."

அரங்கம் சிரிப்பில் அதிர்ந்தது. வக்கீல் எழுந்தார். "இவங்க இன்ஜினியர் இல்லை. இந்த அளவுகளை எப்படி நம்பறது?"

"சார், அரை அங்குலம் தப்பினா சட்டை பத்தாது. இருபது வருஷமா யாரும் திருப்பிக் கொண்டு வந்ததில்ல," என்றாள் டெய்லரக்கா. "நம்பிக்கை இல்லேன்னா ஒரு ஆளை அனுப்பி அளந்து பாருங்க. இப்பவே அனுப்புங்க. நாளைக்குன்னா அலமாரி நகர்ந்துடும்."

பின்வரிசையில் கைதட்டல். அவள் ஆறு வரியையும் படித்தாள். கடைசியாக, காகிதத்தில் இல்லாத ஒன்றைச் சொன்னாள். "ஒரு பொண்ணு என் படியில விழுந்தா. நான் படியைக் கழுவினேன். அவளுக்குத் தண்ணி கொடுக்கல. அந்தத் தப்பு என்னோடது. ஆனா ஒருத்தியைப் பையோட வெளிய தள்ளறது தப்புன்னு எங்கேயும் எழுதலையே, அது நம்ம எல்லாரோட தப்பு. நீங்க எழுதுங்க."

அடுத்து நர்ஸ் பேசினாள். ஒரு நிமிஷம்கூட எடுக்கவில்லை. "இந்த வீட்டை மூடச் சொல்றவங்களும், இப்படியே நடத்தறவரும், ரெண்டு பேருமே எங்களைத் தெருவுலதான் விடறாங்க," என்றாள். உட்கார்ந்துவிட்டாள்.

தலைவி கொஞ்ச நேரம் பேனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு எதிர்பாராத விதமாக ஓரத்தைப் பார்த்துக் கேட்டார். "மருந்துக்கடை ஐயா, நீங்க இதை எதிர்க்கிறீங்க. இருந்தாலும் கேக்கறேன். மாத்திரை அதிகமாகி மூச்சு நின்னா மூக்குல அடிக்கிற மருந்து இருக்காமே. அப்படி ஒரு வீடு இருந்தா, அதுல அது இருக்கணுமா?"

மருந்துக்கடைக்காரர் எழுந்தார். இல்லை என்று சொல்லியிருந்தால் அவர் பக்கத்துக்கு வசதி. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"இருக்கணும்," என்றார். "கண்டிப்பா. ரெண்டு இருக்கணும். அடிக்கத் தெரிஞ்ச ஆளும் இருக்கணும். மருந்து காலாவதி ஆகலையான்னு மாசாமாசம் பாக்கணும். இல்லேன்னா இருந்தும் பிரயோஜனம் இல்லை." சொல்லிவிட்டு, தானே எதிர்க்கட்சிக்கு ஒரு விதி சேர்த்துக் கொடுத்துவிட்டோம் என்று புரிந்து, எரிச்சலோடு உட்கார்ந்தார்.

வாக்கெடுப்பில் ஏழுக்கு நாலு என்று டெய்லரக்காவின் மனு ஜெயித்தது. விதிகளை எழுதக் குழு. அதுவரை பதினான்காம் நம்பரிலிருந்து யாரையும் வெளியேற்றக் கூடாது. ஆய்வாளர் அன்று மாலைக்குள் போய்ப் பார்க்க வேண்டும். டெய்லரக்கா தன்னை மறந்து நர்ஸைக் கட்டிக்கொண்டு குதித்தாள். பழுப்புத்தாள் நடுவில் கிழிந்தது. அதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை.

ஓனர் சும்மா இருக்கவில்லை. மதியம் மூன்று மணிக்கு ஒரு வேன் தெருவுக்குள் நுழைந்தது. அதிலிருந்து இரண்டு பேர் இறங்கிப் பதினான்காம் நம்பருக்குள் போய்க் கட்டில்களைக் கழற்ற ஆரம்பித்தார்கள். பைகள் நடைபாதையில் வந்து விழுந்தன. "உத்தரவு இன்னும் கையில வரலையே! நான் வீட்டையே மூடறேன், யாரு கேக்கறது?" என்று ஓனர் வாசலில் நின்று கத்தினார். கட்டில்களை மறைத்துவிட்டால் ஆய்வாளர் எண்ணுவதற்கு ஒன்றும் இருக்காது என்பது அவர் கணக்கு.

டெய்லரக்கா கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு ஓடினாள். ஓடும்போதே கணவனுக்குப் போன்.

"எங்க இருக்கீங்க?"

"தெருமுனையில. கிளாஸ் நடக்குது. மேடம் யூ-டர்ன் பழகறாங்க."

"அப்படியே நம்ம தெருவுல பழகச் சொல்லுங்க!"

இரண்டு நிமிஷத்தில் டிரைவிங் ஸ்கூல் கார் தெருவுக்குள் வந்தது. ஓட்டியவர் ஒரு பேங்க் அதிகாரி அம்மாள். அன்றைக்கு நாலாவது வகுப்பு. வேனுக்கு நேர் முன்னால் திருப்பியவர் பாதியில் கிளட்சை விட்டார். கார் ஒரு குலுக்கு குலுக்கித் தெருவின் குறுக்கே நின்றுவிட்டது. முன்னாலும் இடமில்லை, பின்னாலும் இடமில்லை.

"வண்டியை எடுங்க சார்!" என்றார் வேன் ஓட்டுநர்.

டெய்லரக்காவின் கணவன் கையைக் கட்டிக்கொண்டான். "நான் எடுக்கக் கூடாதுங்க. கத்துக்கறவங்கதான் எடுக்கணும். மேடம், அவசரமே இல்லை. முதல்ல கண்ணாடியைச் சரி பண்ணுங்க. சீட்டைச் சரி பண்ணுங்க. மூச்சை இழுத்து விடுங்க."

அந்த அம்மாளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவர் சீட்டை முன்னால் தள்ளினார், பின்னால் தள்ளினார், திரும்ப முன்னால் தள்ளினார். ஹார்ன் அடித்துப் பார்த்தார். வைப்பர் ஓடியது. அதற்குள் தெருவே கூடிவிட்டது. பிரஷர் மிஷின் பெரியவர் நாற்காலி கொண்டுவந்து வேனுக்குப் பின்னால் போட்டு உட்கார்ந்தார். டெய்லரக்கா ஒரு பையை எடுத்து உள்ளே கொண்டுபோனாள். அதைப் பார்த்து இன்னொருத்தி ஒரு பையை எடுத்தாள். செவ்வாய்க்கிழமை கதவைச் சாத்தியவள், "அதுக்காகத் தெருவுலயா விடறது?" என்று முணுமுணுத்துக்கொண்டே எடுத்தாள்.

முக்கால் மணி நேரத்தில் ஆய்வாளர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். உள்ளே கட்டில்களை எண்ணினார். பின்கதவுப் பக்கம் போய்த் திரும்பி வந்து ஓனரிடம் கையை நீட்டினார்.

"சாவி."

அந்த ஒரு வார்த்தைக்குத் தெருவே விசிலடித்தது.

விதிகள் எழுதி முடிக்க ஐந்து மாதமாயிற்று. ஓனர் அதற்குள் கைகழுவிவிட்டுப் போய்விட்டார். ஒரு அறக்கட்டளை வீட்டை எடுத்துக்கொண்டது. எட்டுக் கட்டில்தான் என்று உரிமத்தில் போட்டார்கள். மற்ற ஒன்பது பேருக்கு வேறு இரண்டு வீடுகளில் இடம் பார்த்த பிறகே அனுப்பினார்கள். அனுப்பிய அன்றைக்கு அழுகையும் இருந்தது. நர்ஸ் ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். மருந்து அலமாரிச் சாவி அவளிடம் வராது என்று சொல்லித்தான் எடுத்தார்கள். அவளும் அதைத்தான் கேட்டிருந்தாள். நடுவில் அந்த வீட்டில் ஒருத்தி தவறி மறுபடி மாத்திரையைத் தொட்டாள். ஆம்புலன்ஸ் வந்தது. மூன்று வாரம் கழித்து அவள் திரும்பி வந்தபோது அவள் கட்டில் அப்படியே இருந்தது. தெருவில் சில பேருக்கு அது இன்னும் பிடிக்கவில்லை. துணியைத் திரும்ப வாங்கிப்போன நாலு பேரில் இரண்டு பேர் இன்னும் வேறு டெய்லரிடம்தான் போகிறார்கள்.

மருந்துக்கடைக்காரர் மாதாமாதம் முதல் தேதி பதினான்காம் நம்பருக்குப் போய், மூக்கில் அடிக்கிற அந்த மருந்தின் காலாவதித் தேதியைப் பார்த்துவிட்டு வருகிறார். ஆனால் கட்சி மாறவில்லை. "எட்டு அதிகம், டெய்லரம்மா. அந்த வீட்டுக்கு ஆறுதான் சரி. அடுத்த வருஷம் விதியைத் திரும்பப் பாப்பாங்க இல்ல, அப்ப நான் பேசறேன்."

"பேசுங்க சார். நானும் வரேன்."

"இப்பவே சொல்லிட்டேன், இந்தத் தடவை நான் தயாராத்தான் வருவேன்."

"வாங்க, வாங்க," என்றாள் டெய்லரக்கா. நெஞ்சுக்குள் அந்தப் படபடப்பு மறுபடி கிளம்பிவிட்டது. அடுத்த வருஷத்துக்கு இன்னும் எத்தனை மாதம் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டே கடைக்குத் திரும்பினாள்.